பதினொரு நாள் சரக்கு இல்லை

அழிக்க வேண்டிய பதிவேடுகள் என்று
பச்சை மையில் கையெழுத்தாகி வந்த பட்டியலில்
நூற்றுப் பதினேழாவது இது.
கட்டு பிரிந்து, முதுகில் கரையான் சாலை போட்டிருந்தது.
ராயபுரத்துக்காரி நான்;
கரிக்கணக்கு என்று மேலே எழுதியிருந்தால்
திறக்காமல் எப்படிக் கிழிப்பது?

எங்கள் தெருவில் யாரும் வெள்ளைச் சட்டை காயப்போட்டதில்லை.
ஜன்னல் கம்பியைத் தொட்ட விரலாலேயே
சுவரில் கோலிக்கணக்கு எழுதினோம்.
கோர்ட்டு சொல்லி, கரிக்கப்பல் எண்ணூருக்குப் போன பிறகும்
மூக்குச் சிந்தினால்
கைக்குட்டைக்குக் கொஞ்சநாள் பழைய ஞாபகம் இருந்தது.

சாய்ந்த இங்கிலீஷ் எழுத்து.
கப்பலின் பெயர், டன், ஈரம், உடைசல்.
கரி வந்த ஊர்: லாந்தெரின், வேல்ஸ்.
முதல் எழுத்தை அப்படிச் சொல்லக்கூடாதாம்;
நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டி
இரண்டு ஓரமும் காற்று விடவேண்டுமாம்.
செக்‌ஷனில் மூன்று நாள் நானும் தேசப்பனும் ஊதிப் பார்த்தோம்,
வரவில்லை.
போகட்டும், நம் ழகரம் அவர்களை என்ன பாடு படுத்தியிருக்கும்.

பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி:
கூடைக்காரிகள் நாற்பத்தாறு.
கூடை இத்தனை, அணா இத்தனை.
பெயர் கிடையாது.
ஒரே ஓர் இடத்தில்,
கூலி குறைந்ததென்று கத்தியவளாக இருக்கும்,
ஓரத்தில் பாப்பு என்று எழுதி, கீழே ஒரு கட்டைவிரல்.
மை தொட்டு வைத்ததில்லை அது.
தடவினால் இன்னும் ஒட்டுகிறது.

பிறகு ஒரு டிசம்பரில்:
“பதினொரு நாள் சரக்கு இல்லை. காரணம் தெரியவில்லை.”

எனக்குத் தெரிய நூற்றிருபது வருஷம் ஆயிற்று.
அந்த ஊர் நூலகத்துக்கு எழுதிக் கேட்டேன்.
நெரிஸ் என்று ஒருத்தி பதில் போட்டாள்.
மூன்றாம் சுரங்கம், காலை ஷிப்ட், வாயு.
அறுபத்து மூன்று பேர்.
அதில் பதின்மூன்று வயதுப் பையன்கள் நான்கு.
கம்பெனியின் நஷ்டக்கணக்கில்
குதிரைகளுக்குத்தான் விலை போட்டிருந்ததாம்.
செத்தவர்கள் பெயரெல்லாம் தேவாலயச் சுவரில் வெட்டியிருக்கிறது;
தேவாலயம் இப்போது தரைவிரிப்புக் கடை.
சுரங்கத்தின் வாயைக் கான்கிரீட்டால் அடைத்து,
கழிவுக்கரி மலைமேல் புல் விதைத்து,
ஆடு மேய்கிறது.
“என் தம்பிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.”
அதைச் சொல்லும் இடம் அதுவல்ல, ஆனாலும் எழுதியிருந்தாள்.

கடைசியில்,
“எங்கள் கரி உங்கள் ஊரில் என்ன ஆயிற்று?”

ரயில் ஓடிற்று, நெரிஸ்.
துரைகள் வெயிலுக்குப் பயந்து மலையேறினார்கள்.
பாப்புவின் தலைமுடியில் கொஞ்சம் தங்கிற்று,
நெஞ்சில் கொஞ்சம்.
கரி சுமந்தவள் வீட்டில் கரி எரிந்ததில்லை.
அந்தப் பதினொரு நாள் வராட்டியும் எரியவில்லை,
ஏற்றிவைக்க அரிசி வேண்டாமா.
பெயர் தெரியாத உங்கள் ஊரை
அவள் நல்ல மெட்ராஸ் பாஷையில் திட்டியிருப்பாள்.
அங்கே அப்போது
தாய்மார்கள் பூட்ஸைப் பார்த்துப் பிள்ளையை
அடையாளம் சொல்லி முடித்து
ஐந்து வாரம் ஆகியிருக்கும்.
கப்பல் அவ்வளவு மெதுவாகத்தான் வரும்.

இதில் பாதியை எழுதினேன்.
கரி என்றால் எங்கள் பழைய தமிழில் சாட்சி என்றும் பொருள்
என்று ஒரு வரி சேர்த்தேன்.
இங்கிலீஷில் அது வெறும் தகவலாக நின்றது.
அடித்துவிட்டேன்.

“நூற்றுப் பதினேழு முடிஞ்சுதாம்மா?” என்றார் தேசப்பன்.
முடிந்தது என்று டிக் போட்டேன்.
அது என் வீட்டில்
அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது.
தூக்கிவந்த அன்று பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்;
வெள்ளைச் சுடிதார்.
இரண்டு சோப்பு மாற்றிப் பார்த்தாயிற்று.